கூட்டக் குறிப்பு, பிப்ரவரி

நகராட்சிக் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டேன்.
நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள்.
குளிர்காலத்தில் இந்த ஊரில்
இத்தனை பேர் இருக்கிறோம் என்பதே
அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மேசை நடுவே அட்டையில் செய்த எங்கள் கரை.
ஆறு மாடி, ஆறு மாடி, மறுபடி ஆறு மாடி.
இருநூற்றுப் பதினான்கு வீடு, ஒரு படகுத்துறை,
பஞ்சு மரங்கள்,
நகக்கண் அளவு மனிதர்கள்.
எல்லோரும் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள்.
பாலட்டன் ஏரிக்கு நீலக் கண்ணாடி.
எங்கள் ஏரி அப்படி நீலமாய் இருந்ததே இல்லை;
பால் கலந்த பச்சை,
காற்றடித்தால் கழுநீர்.

"நாணல் எங்கே?" என்றார் கெடியோன் வர்கொனி,
மீன்வளத் துறையில் ஓய்வு பெற்றவர்,
எந்தக் கூட்டத்திலும் முதல் ஆளாய்க் கை தூக்குபவர்.
"மாதிரியில் அவ்வளவு சின்னது காட்ட முடியாது"
என்றார் புடாபெஸ்டிலிருந்து வந்த பொறியாளர்.
"நாய் தெரிகிறதே."
உண்மைதான். நடைபாதையில் ஒரு நாய்.
அதற்குச் சிவப்பில் கழுத்துப்பட்டிகூட இருந்தது.
குறிப்பில் எழுதினேன்: சிரிப்பு.

அரை கிலோமீட்டர் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான்,
இதில் எந்தக் கப்பலைக் கட்டப் போகிறீர்கள் என்றார் ஒருவர்.
தோண்டுவோம் என்றார்கள்.
தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவீர்கள்?
ஆய்வு நடக்கிறது என்றார்கள்.
ஆய்வு நடக்கிறது என்று எழுதினேன்.

பிறகு இபோயா எழுந்தாள்.
கோடை முழுக்க லாங்கோஷ் கடையில்
கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்பவள்;
மற்ற மாதங்களில், பூட்டிய முகாம் மைதானத்தின் கேரவனில்
இரண்டு பிள்ளைகளோடு.
எங்களுக்காகப் பேசுவாள் என்று நினைத்து
முன்வரிசை கைதட்டத் தயாராக இருந்தது.
"கட்டுங்கள்" என்றாள்.
"நாணலுக்குள் என் பிள்ளைகள் தூங்க முடியாது.
ஒன்றே ஒன்று சொல்லுங்கள்,
இருநூற்றுப் பதினான்கில் எனக்கு எது?"

விலைப் பட்டியல் பொறியாளர் பையில் இருந்தது.
பையின் வாரை இருமுறை நீவினார்.
திறக்கவில்லை.
முன்வரிசையும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது.
அவர்கள் வீட்டு மாடி அறைகள்
செப்டம்பரிலிருந்து மே வரை காலி.
குறிப்பு: விலை பின்னர் தெரிவிக்கப்படும்.

அப்போது ஏரி வெடித்தது.
உறைந்த இரவுகளில் அது தன்னை நெடுக்காகக் கிழித்துக்கொள்ளும்,
தகரக் கூரைமேல் யாரோ
சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல்.
ஊர்க்காரர்கள் ஒருவரும் திரும்பவில்லை.
பொறியாளர் மட்டும் பாதி எழுந்துவிட்டார்.
"என்ன அது?"
"ஒன்றுமில்லை, உட்காருங்கள்" என்றார் மேயர்.
வெளியே சத்தம் என்று எழுதினேன்.
அடித்தேன்.

ஐந்துக்கு நான்கு. நிறைவேறியது.

எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கினேன்,
கொண்டுவந்து கூட்டிப் போட்டவற்றையும் சேர்த்து.
மாதிரியை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள்.
குனிந்து தேடினேன்.
மூன்றாம் கட்டடத்துக் கார் நிறுத்தம்,
இடமிருந்து நான்காவது கோடு முதல் எட்டாவது கோடு வரை:
தம்பிக்கும் எனக்கும் பொதுவாக இருந்த மனை.
அக்டோபரில் விற்றோம்.
அவன் கடன், என் பல்,
கபோஷ்வாரில் மகள் வாங்கும் வீட்டுக்கு முன்பணம்.
குறிப்பு எடுப்பவருக்கு இதில் ஏதும் பங்குண்டா என்று
படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.
இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று
தெரியவில்லை.

விளக்கை அணைக்குமுன்
நாயைப் பிய்த்து எடுத்தேன். பசை பலமாக இல்லை.

கரைச் சாலை வழியே வீடு.
இருபுறமும் கோடை வீடுகள், இறக்கிய ஷட்டர்கள்.
வெளிச்சம் உள்ள ஜன்னல்களை எண்ணினேன்,
பதினொன்று,
முகாம் மைதானத்தில் நீலமாய் மினுங்கிய
தொலைக்காட்சியைச் சேர்த்தால் பன்னிரண்டு.
அங்கே கொஞ்சம் நின்றேன்.
கதவைத் தட்டவில்லை.
கோட்டுப் பைக்குள் விரல்நுனியில்
கழுத்துப்பட்டி குத்திக்கொண்டே வந்தது.